லைட் போர்டில் வந்து உட்கார்ந்த அந்தப் பிள்ளைக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

தம்பி நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "நாடகத்தின் கடைசிக் காட்சிக்குச் சனம் வந்ததோ?" என்பதுதான். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். அந்த வியாழக்கிழமை இரவு என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும், பாதிப்பேர் எங்களுடனேயே விடியும்வரை விழித்திருந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அறிவித்த காட்சிகள் எல்லாம் நடந்தன, ஒன்றுகூட நிற்கவில்லை. அது எப்படி நடந்தது என்று இன்னும் முழுதாக விளங்காத நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுகிறேன். மருத்துவமனை நடைபாதையில் மாறி மாறி இருந்த பெடியள், 401 நெடுஞ்சாலையில் மழைக்குள் வான் ஓட்டிக் கதிரைகளையும் கதவுச் சட்டத்தையும் கொண்டுவந்து சேர்த்த அண்ணை, ஒத்திகைக்குத் தேவாலயத்து நிலவறையைக் காசு வாங்காமல் திறந்துவிட்டவர்கள், ஸ்காபரோவிலிருந்து ஒவ்வொரு நாளும் ரோல்சும் ரீயும் அனுப்பிய அக்காமார், ஏற்கெனவே பார்த்த நாடகத்துக்கு மறுபடியும் ரிக்கெற் வாங்கி வந்து உட்கார்ந்தவர்கள். பெயர் போட்டு எழுதத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன், பிறகு கலியாண வீட்டில் வைத்துக் கேட்பீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். எங்களில் யாருக்கும் உறவில்லை, தமிழும் தெரியாது. அதே அரங்கில் எங்களுக்கு அடுத்ததாக நடந்த நாடகத்தின் மேடை முகாமையாளர் அவர்.

ரொறன்ரோ ஃபிரிஞ்ச் விழாவில் நாடகம் போட்டவர்களுக்கு அந்த ஏற்பாடு தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1989இல் தொடங்கிய நாடக விழா அது. குழுக்களை யாரும் தரம் பார்த்துத் தெரிவுசெய்வதில்லை, சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். ரிக்கெற் விற்ற காசில் பெரும்பங்கு குழுக்களுக்கே வரும். 2011இல் கொரிய-கனடிய நாடகாசிரியர் இன்ஸ் சோய் தன் 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' நாடகத்தை முதலில் போட்டதும் இங்கேதான். ஒரு கொரியக் குடும்பத்தின் மூலைக்கடைக் கதை அது. அடுத்த வருடமே ரொறன்ரோவின் பெரிய நாடக நிறுவனமான சோல்பெப்பருக்குப் போய், பிறகு தொலைக்காட்சித் தொடராகி உலகம் சுற்றியது. இதெல்லாம் நல்ல பக்கம். மற்றப் பக்கம் என்னவென்றால், ஒரே மேடையில் ஒரு நாளுக்குப் பல குழுக்கள் ஏறி இறங்கும். ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறுவதற்குச் சில நிமிடங்கள்தான். அரங்கத்துக்கென்று ஒரு தொழில்நுட்பவியலாளர் இருப்பார். ஆனால் எந்த இடத்தில் வெளிச்சம் மாற வேண்டும், எந்த இடத்தில் சத்தம் வர வேண்டும் என்று கியூ சொல்லும் ஆளை அந்தந்தக் குழுதான் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அது தம்பி. நாடகம் முழுவதும் அவன் தலைக்குள்ளும், கோழி கிண்டியதுபோல் அவன் எழுதி வைத்த பிரதிக்குள்ளும்தான் இருந்தது.

அதற்கு முன்பு அந்தப் பிள்ளையுடன் எங்களுக்கு இருந்த பழக்கமெல்லாம் தரையில் ஒட்டும் ரேப் பற்றியதுதான். அவர்களுடையது இளஞ்சிவப்பு, எங்களுடையது மஞ்சள், ஒருவர் குறியை மற்றவர் உரித்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை அரங்கின் பின்வாசலில் நாங்கள் பேயறைந்த மாதிரி நின்றபோது அவர் வந்தார். என்ன நடந்தது என்று துருவவில்லை. "கியூ பிரதி இருக்கிறதா? நான் சொல்லட்டுமா?" என்றார். தமிழ் நாடகம் என்றோம். "தெரியும், இரண்டு நாளாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார்.

பின்னேரம் காட்சி. கையில் இருந்த நேரத்தில் அவர் செய்ததைச் சொல்கிறேன், நாடகக்காரர்கள் கவனித்து வாசியுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, முழு நாடகத்தையும் ஓட்டாமல், ஒவ்வொரு கியூவுக்கும் முன்னால் வரும் வசனத்தையும் அசைவையும் மட்டும் செய்யச் சொன்னார். மேலெழுத்துக்காக, அதாவது வசனத்தோடு திரையில் ஓடும் மொழிபெயர்ப்புக்காக, நாங்கள் தயாரித்திருந்த ஆங்கில வரிகளை நம்பவில்லை, அவை பேச்சுக்கு முந்தியும் பிந்தியும் ஓடும் என்பதை வாசலில் நின்றே கண்டுபிடித்திருந்தார். அவர் குறித்துக்கொண்டதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடுகிற விஷயங்கள். தகப்பன் கண்ணாடியைக் கழற்றுகிறார். மகள் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சத்தம். தாய் மூன்றாம் முறை கூப்பிடும்போது குரல் ஏறுகிறது.

தகப்பனாக நடிக்கும் ஐயாவைத் தெரியும்தானே? ஒரு நாள் செய்ததை மறுநாள் அப்படியே செய்தால் அது நடிப்பில்லை என்று நினைக்கிற மனுசர். அவரிடம் இந்தப் பிள்ளை போய், கண்ணாடியை ஒவ்வொரு முறையும் இந்த வரியில்தான் கழற்ற வேண்டும் என்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐயா கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு, "சரி பிள்ளை, உனக்காக" என்றார். எங்களுக்காக ஒரு நாளும் செய்ததில்லை!

அப்புறம் அவர் கேட்ட கேள்வி. இரவுச் சாப்பாட்டுக் காட்சியில் தகப்பனும் மகளும் பேசாமல் இருக்கும் இடம் வரும். பிரதியில் 'நீண்ட மௌனம்' என்று மட்டும் இருக்கிறது. அதன் முடிவில் வெளிச்சம் இறங்க வேண்டும். தம்பி அதைத் தன் மனக்கணக்கில் செய்துகொண்டிருந்தான், நாங்களும் விட்டுவிட்டோம். அவருக்கு அந்தக் கணக்கு இல்லை. அதனால், "இவர்கள் கோபத்தில் பேசாமல் இருக்கிறார்களா, இல்லை இந்த வீட்டில் இது வழக்கமா? கோபம் என்றால் நான் சீக்கிரம் இருட்டாக்க வேண்டும். வழக்கம் என்றால் காத்திருக்க வேண்டும்" என்றார்.

ஐயா உடனே, "வழக்கம்" என்றார். மகளாக நடிக்கும் தங்கச்சி அதே நேரத்தில், "கோபம்" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெயிலுக்குள் அந்தத் தரிப்பிடத்தில் தொடங்கிய கதை காட்சி நேரம்வரை ஓயவில்லை. யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாய் திறக்காத தகப்பன்மாரைப் பற்றி ஐயா சொன்னார். அந்தப் பேசாத வீட்டுக்குள் மார்க்கம் வீதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக வளர்ந்ததைப் பற்றி அவள் சொன்னாள். ஒத்திகைகளில் எத்தனையோ பேசியிருக்கிறோம், இதைப் பேசவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளையே ஒரு வழி சொன்னது: மகள் எழுந்து கோப்பையை எடுக்கும்வரை வெளிச்சத்தை இறக்குவதில்லை, அவள் எப்போது எழும்புவது என்பது அவள் முடிவு. வெள்ளிக்கிழமை அவள் எழும்பவே மாட்டாளோ என்று நாங்கள் பயப்படும் அளவுக்கு இருந்தாள். பார்வையாளர்களில் ஒருவரும் இருமவில்லை.

இந்த நாட்டு நாடகக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, காட்சி முடிந்தபின் கதிரை போட்டுப் பார்வையாளர்களுடன் கலந்துரையாடுவது. நானும் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் அது பாராட்டுக் கூட்டமாகவே முடியும். அதைவிடப் பெறுமதியான பேச்சு நாடகம் உருவாகும்போதே நடக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 1972இல் இயக்குநர் போல் தொம்சனும் ரொறன்ரோவின் தியேட்டர் பாஸ் முறாய் குழு நடிகர்களும் ஒன்ராறியோவின் கிளின்டன் பகுதியில் விவசாயிகளோடு கோடை முழுவதும் தங்கி, அவர்களோடு வேலை செய்து, கதை கேட்டுத்தான் 'த ஃபார்ம் ஷோ' நாடகத்தைச் செய்தார்கள். முதல் காட்சியும் அந்த விவசாயிகளுக்கே, ஒரு களஞ்சியத்துக்குள். (அதைப் பற்றிப் படம் எடுத்தவர் நம் கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி என்பது கூடுதல் செய்தி.) 2018இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. கனடாவின் பூர்வகுடிகளின் கதையைச் சொல்லும் 'கனாட்டா' நாடகத்தைக் கியூபெக் இயக்குநர் ரொபேர் லெபாஜ் பாரிஸ் குழுவோடு தயாரித்தார், மேடையில் பூர்வகுடி நடிகர்கள் இல்லை. எங்களை ஏன் கேட்கவில்லை என்று பூர்வகுடிக் கலைஞர்கள் பத்திரிகையில் கடிதம் எழுதிய பிறகுதான் மொன்றியலில் எல்லோரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். லெபாஜ் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஒரு வருடம் முந்தி நடந்திருந்தால் அது வேறு நாடகமாகியிருக்கும்.

எங்கள் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஒரு விளக்கை எப்போது இறக்குவது என்பதுதான். இருந்தாலும் அதைக் கேட்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

மிச்சக் காட்சிகள் முழுவதற்கும் அவரே இருந்தார். எங்கள் நாடகம் முடிந்ததும் எங்கள் சாமான்களைத் தூக்கக் கை கொடுத்துவிட்டு, அதே மூச்சில் தன் நாடகத்துக்குக் கதிரைகளை அடுக்கினார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. ரோல்ஸ் பெட்டியை மட்டும் தன் குழுவுக்கென்று எடுத்துக்கொண்டார், அதுவும் உறைப்பு எது, உறைப்பில்லாதது எது என்று கேட்டு ரேப் ஒட்டிக் குறித்து.

எங்கள் குழுவில் இரண்டு விஷயம் முடிவு செய்திருக்கிறோம். இனி எந்த நாடகத்துக்கும் கியூ சொல்லத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருக்க மாட்டார், தம்பி எழும்பியதும் இரண்டு பேருக்குப் பழக்குவான். அந்த இரண்டு பேரும் இந்த ஊரில் எந்தச் சிறிய குழு ஆளில்லாமல் தவித்தாலும், எந்த மொழி நாடகமானாலும், போய் உட்காருவார்கள். இலக்கம் வேண்டியவர்கள் எனக்கு எழுதுங்கள்.

தம்பியைப் பார்க்க வருபவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், காலையில் நித்திரை கொள்ளட்டும். இனிப்புக் கொண்டுவர வேண்டாம், மருத்துவர் மறித்திருக்கிறார். அப்புறம், வானுக்குள் ஒரு நீலக் குளிர்ச்சட்டையும் மூடியில்லாத சுடுநீர்ப் போத்தலும் கிடக்கின்றன. எங்கள் குழுவில் யாருடையதும் இல்லை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.