அதிகாலையில் எழாதவர்களும் தொழில் நடத்துகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் இணைப்பில் தொழில்முனைவோரின் அன்றாட ஒழுங்கு குறித்து வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றில் பேசியிருப்பவர்களில் பெரும்பாலோர், விடியற்காலை 4.30 மணிக்கு எழுவதையும், மணிவாரியாக எழுதி வைத்த அட்டவணையை ஆண்டுக்கணக்கில் மீறாமல் இருப்பதையும் தங்கள் உயர்வுக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அறிவுரையைப் பல ஆண்டுகள் மெய்யாகவே பின்பற்ற முயன்று, ஒவ்வொரு முறையும் இரண்டாம் வாரத்தில் தோற்று, அந்தத் தோல்வியை என் குணக்கேடு என்றே நம்பி வாழ்ந்தவள் நான். அதனால்தான் இக்கடிதம்.

திண்டுக்கல்லில் 22 ஆண்டுகளாகச் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் ரசீதுப் புத்தகம், கடைகளுக்கான பில் புத்தகம், தினசரி காலண்டர் ஆகியவையே எங்கள் வேலை. என் மகனுக்கு எட்டு வயதில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு இருப்பது தெரிய வந்தபோது, மருத்துவர் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கு என்னைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். சில மாதங்கள் கழித்து, 41 வயதில், எனக்கும் அதுவே உறுதியானது. வயது வந்தவர்களுக்கு இதைக் கண்டறியும்போது, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பது முறை. அம்மா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் 'கெட்டிக்காரி. கவனம் போதாது' என்று ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எழுதியிருந்தார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஒரு வேலையைத் தொடங்குவது, அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மதிப்பிடுவது, செய்து கொண்டிருக்கும்போதே அடுத்ததை நினைவில் வைத்திருப்பது ஆகிய மூளையின் நிர்வாகச் செயல்களில்தான் எங்கள் வேறுபாடு இருக்கிறது. பிடித்த வேலை கிடைத்தால் நேரம் போவதே தெரியாமல் ஆறு மணி நேரம் எழாமல் செய்வோம். பிடிக்காத வேலையின் முன் ஆறு நாள் உட்கார்ந்திருந்தும் தொடங்க மாட்டோம். ஒருமுறை இரவு பதினொன்றரை மணிக்கு, அப்படி மூழ்கியிருந்த நிலையில், ஓர் அழைப்பிதழின் மெய்ப்பை, அதாவது பிழை திருத்துவதற்கான முன்படியை, நானே பார்த்து முடித்து அச்சுக்கு அனுப்பினேன். தேதி சரியாக இருந்தது, கிழமை தவறாகிவிட்டது. 600 அட்டைகளையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். பணம் போனதைவிட, மணமகளின் தந்தை ஒன்றும் பேசாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்த அந்த முகம்தான் இன்றும் வருத்துகிறது.

அதன் பிறகே மணிவாரி அட்டவணையைக் கைவிட்டேன். ஒழுங்கைக் கைவிடவில்லை. முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் தூரம் வரை தன் விருப்பப்படி மேயும். முளை மட்டும் அசையாது. என் நாளுக்கும் அப்படி மூன்று முளைகள் போதும் என்று கண்டேன். அவை கடிகார நேரத்தில் அடித்தவை அல்ல, ஏற்கெனவே நிகழ்ந்து கொண்டிருப்பவற்றின் மீது அடித்தவை. மிஷின்மேன் வந்து ஷட்டரைத் திறந்ததும், ஒவ்வொரு ஆர்டரின் விவரமும் எழுதிய அன்றைய ஜாப் கார்டுகளை இருவரும் வாய்விட்டுப் படிப்போம். மதிய உணவுக்குப் பின் இலையை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியதும், வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டிய தொலைபேசி அழைப்புகளை முடிப்பேன். மாலையில் கடையில் விளக்கேற்றுவதற்கு முன், நாளைக்குச் செய்தே ஆக வேண்டிய மூன்று வேலைகளைக் கரும்பலகையில் எழுதுவேன். நான்காவது எழுத எனக்கு அனுமதி இல்லை. இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எந்த வேலையை எப்போது எடுக்கிறேன் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

நம் முன்னோர் நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்ததை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். 'காலையில் செய்ய வேண்டியது' என்றால் எனக்குக் கைகூடுகிறது, '9.15 மணிக்குச் செய்ய வேண்டியது' என்றால் 9.16க்கே நாள் முழுவதும் பாழானதாகத் தோன்றிவிடுகிறது. அதேபோல் பிடிக்காத வேலைக்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், என்று அளவு வைத்திருக்கிறேன். அதைக் காட்டுவதற்குக் கைப்பேசி உதவாது, அதை எடுத்தாலே கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே சமையலறையில் திருகி வைக்கும் சாதாரண டைமர் ஒன்று மேசையில் இருக்கிறது.

கடினமான வேலையை முதலில் செய்து முடியுங்கள் என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஆர்வம்தான் இயந்திரத்தைக் கிளப்பும் முதல் உந்துதல். ஆகவே என் நாளின் முதல் நாழிகையை, மணமக்கள் பெயர்களுக்குத் தமிழ் எழுத்து வரைவதற்கே கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அந்த எழுத்துகளுக்காகத்தான். அது முடிந்து கை சூடேறிய பின் பில் போடுவதும் எளிதாகிறது. வறண்ட வேலைகளையும் ஒரு மனிதரோடு சேர்த்தே பலகையில் எழுதுகிறேன். 'ரசீதுப் புத்தகம், 50 கட்டு' என்று எழுதியிருந்தால் என் கண் அதைத் தாண்டிப் போய்விடும். 'பங்குனி உத்திரத்துக்கு முன் ரசீது வேண்டும் என்று கோயில் தர்மகர்த்தா காத்திருக்கிறார்' என்று எழுதினால் போகாது.

மெய்ப்பு பார்ப்பதை இப்போது தனியாகச் செய்வதில்லை. பகல் வெளிச்சத்தில், உதவியாளர் படிக்க நான் சரிபார்ப்பேன். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம் நான்கையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே அச்சுக்கான பிளேட் போட அனுப்புவோம்.

கணக்கு வழக்குதான் எனக்கு மிகக் கடினம். மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வரும் ஜி.எஸ்.டி. படிவங்களைத் தவறவிட்டு, நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் நிறையவே கட்டியிருக்கிறேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒரு முறை படிவம் தாக்கல் செய்யும் முறை 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வரியை மட்டும் இடையில் மாதந்தோறும் செலுத்தினால் போதும். அதற்கு மாறியது பெரும் ஆறுதல். அதைவிடப் பெரிய ஆறுதல், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஆடிட்டர் அலுவலகத்துப் பெண் ஒருவர் வந்து என் எதிரே உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பது. அவர் எனக்கு எதுவும் சொல்லித் தருவதில்லை. எதிரே ஒருவர் அமர்ந்து வேலை செய்தாலே என் கை பில்களின் மீது நிற்கிறது. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. இத்தகைய மூளை அமைப்புள்ளவர்கள் உலகெங்கும் கையாளும் வழிதான் இது.

ஒரே ஒழுங்கு ஆண்டு முழுவதும் பொருந்தாது என்பதையும் தொழிலே கற்றுத் தந்தது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள்கள் நெருங்கி வரும்போது கயிற்றைச் சுருக்கிக் கொள்கிறேன். கல்யாணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அதைத் தளர்த்திவிட்டு, இயந்திரப் பராமரிப்பு, நிலுவை வசூல், பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது ஆகியவற்றைப் பார்க்கிறேன். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புத்தாண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். அன்றிலிருந்து காலண்டர் ஆர்டர் பிடிக்கும் காலம் தொடங்கும். ஆக எனக்கு ஆண்டின் தொடக்கம் ஆடி பதினெட்டுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாம் தவறிப்போகும் நாள்கள் உண்டு. முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால், வரும் திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கலாம் என்று அந்த வாரத்தையே விட்டுவிடுவேன். இப்போது தவறிய முளையைத் தேடித் திரும்பிப் போவதில்லை. அடுத்த முளையில் வந்து சேர்ந்து கொள்கிறேன். காலை தவறினால் மதியம், மதியம் தவறினால் விளக்கேற்றும் நேரம். எனக்கு மிக அதிகம் பயன்பட்டது இந்த ஒரு மாற்றம்தான்.

இவை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவருக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அவருக்கு நேரம் மாறாமல் இருப்பதே நிம்மதி. மாற்றம் வருவதானால் முதல் நாளே தெரிந்தாக வேண்டும். 'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் இன்றே வந்து நிற்கும் வாடிக்கையாளர் அவருடைய பாதி நாளைக் கலைத்துவிடுகிறார். அதிகாலை எழுவதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களில் பலருக்கு உடலின் உறக்கக் கடிகாரமே பிந்தி இயங்குகிறது, அவர்களை 4.30 மணிக்கு எழுப்பினால் உறக்கக் குறைவுதான் மிஞ்சும்.

சட்டத்தின் பக்கம் திரும்பினாலும் எங்களுக்குப் பிடிமானம் குறைவு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாகக் குறிப்பிடப்படவில்லை. ஊழியராக இருந்தால் நிர்வாகத்திடம் வசதி கேட்கலாம். தானே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருப்பவர் யாரிடம் கேட்பது? மாவட்டத் தொழில் மையங்களின் வழியாகக் கடன் பெறுவோருக்கு அளிக்கும் தொழில்முனைவோர் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தங்களிடம் என்ன நேர்கிறது என்று தெரியாமலே கடையை மூடும் சிலரையாவது காப்பாற்றலாம். ஐயம் உள்ளவர்கள் தாங்களாகவே முடிவு கட்டாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து தேவையா என்பதும் அவர் தீர்மானிக்க வேண்டியது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தங்கள் கட்டுரை வரிசையில் இத்தகையவர்களின் நாள் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன். இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. என் மகன் இன்னும் பள்ளியில் படிக்கிறான். அவனைப் பற்றிய செய்தியை ஊருக்குச் சொல்வதா என்பதை அவன் வளர்ந்த பிறகு அவனே முடிவு செய்ய வேண்டும். அவன் சம்மதித்தால் அன்று பெயரோடு எழுதுகிறேன்.

இங்ஙனம்,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
திண்டுக்கல்.