இதய பம்ப் வைத்தவருக்கு சிடி எடுக்கத் தயங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயம் பலவீனமானவர்களுக்கு நெஞ்சுக்குள் பொருத்தும் பம்ப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நோயாளி வீடு திரும்புவதோடு கட்டுரை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு ராத்திரி வாய் குழறினாலோ தாங்க முடியாத தலைவலி வந்தாலோ முதலில் கொண்டுவருவது எங்கள் அறைக்குத்தான். தேனி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் சிடி பிரிவில் ரேடியோகிராபராக இருக்கிறேன்.

எல்விஏடி எனப்படும் இந்தப் பம்ப் வைத்தவரை எம்ஆர்ஐ அறைக்குள் விடவே கூடாது. அதே சமயம் சிடி எடுக்கத் தயங்கவும் கூடாது. முதல் விஷயம் ஓரளவுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது தெரியாததால் உயிர்கள் ஊசலாடுகின்றன.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பேச்சு குழறியது, வலது கையைத் தூக்க முடியவில்லை. முதலில் போன இடத்தில், "உள்ளே மெஷின் இருக்கு, இங்கே ஸ்கேன் எடுக்க முடியாது, ஆபரேஷன் பண்ண இடத்துக்கே கொண்டு போயிடுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆபரேஷன் நடந்தது சென்னையில். இங்கிருந்து 500 கிலோமீட்டர்.

பம்ப் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருப்பார்கள். பம்பில் ரத்தம் உறைந்தால் மூளையில் அடைப்பும் வரலாம், மாத்திரையால் ரத்தக் கசிவும் வரலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அடைப்புக்கான வைத்தியம் ஒரு பக்கம் என்றால் கசிவுக்கு நேர் எதிர்ப்பக்கம். எது என்று சொல்ல சில நிமிடங்களில் முடிகிற ஒரு சாதாரண சிடி போதும். அதை எடுக்காமல் ஒரு மனிதரை ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸில் அனுப்புவது எப்படி நியாயமாகும்?

எங்களிடமும் முதலில் பதற்றம்தான். டியூட்டி டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி இல்லை. விரலில் மாட்டிய கருவியில் எண் வரவில்லை. பிபி மெஷினும் காட்டவில்லை. இந்தப் பம்ப் ரத்தத்தை விட்டு விட்டுத் தள்ளாமல் நிற்காமல் ஓடவிடுவதால் பலருக்கு நாடி கிடைக்காது. அவர் மனைவி பையைத் திறந்து, பம்பை வெளியிலிருந்து இயக்கும் கன்ட்ரோலரைக் காட்டி, "பச்சை லைட் எரியுது பாருங்க சார், பம்ப் ஓடுது. அவருக்கு நாடி கிடைக்காது" என்றார். அந்த அம்மா மட்டும் அப்படி நிதானமாக இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் ஒயர்தான் இதில் உயிர்நாடி. அது கன்ட்ரோலரிலிருந்து கழன்றால் பம்ப் நின்றுவிடும். ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்றும்போது ஒயரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தினோம். கன்ட்ரோலரையும் இரண்டு பேட்டரிகளையும் தொடைமேல் வைத்து, ஒயரைத் தளர விட்டோம். எக்ஸ்ரே போடாமல் மேஜையை ஒருமுறை உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஒயர் எங்கும் மாட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே படம் எடுத்தோம். பம்ப் இருப்பது நெஞ்சில் என்பதால் தலைப் படத்தில் எந்த இடைஞ்சலும் இல்லை. சிறிய கசிவு தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் உடனே சென்னைக் குழுவோடு போனில் பேசி வைத்தியத்தைத் தொடங்கினார்.

நெஞ்சுப் படம் என்றால் உலோகத்திலிருந்து சூரியக்கதிர் போல வெள்ளைக் கோடுகள் கிளம்பிப் பக்கத்தில் இருப்பதை மறைக்கும், உண்மைதான். ஆனாலும் பம்பிலிருந்து மகாதமனிக்குப் போகும் குழாய் மடங்கியிருக்கிறதா, ஒயர் போகும் வழியில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க சிடியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எக்கோ எனப்படும் இதய அல்ட்ராசவுண்டில் பம்பின் நிழல் விழுந்து பாதி மறைந்துவிடும். பேட்டரியைப் படம் எடுக்கும் பகுதியிலிருந்து தள்ளி வைத்தால் போதும். மறைக்கிறது என்று கழற்றி வைத்துவிடாதீர்கள்.

எம்ஆர்ஐ விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. இப்போது வரும் பேஸ்மேக்கர்கள் பலவற்றோடு நிபந்தனைகளுக்கு உட்பட்டு எம்ஆர்ஐ எடுக்கலாம். அப்படியானால் பம்புக்கும் எடுக்கலாம்தானே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கூடாது. ஹார்ட்மேட் 3 பம்பின் சுழலியே காந்த விசையில் அந்தரத்தில் நின்று சுற்றுகிறது. 2021-ல் விற்பனை நிறுத்தப்பட்ட ஹார்ட்வேர் (HeartWare) என்ற பம்பை இன்னும் நெஞ்சில் சுமப்பவர்களுக்கும் எம்ஆர்ஐ ஆகாது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்த அறையின் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

எங்கள் பக்கம் பல ஸ்கேன் சென்டர்களின் படிவத்தில் பேஸ்மேக்கர், ஸ்டென்ட், எலும்பில் வைத்த பிளேட் எல்லாம் கேட்கிறார்கள். இதய பம்ப் என்று ஒரு வரி கிடையாது. அதைச் சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை.

அப்புறம், பம்ப் பொருத்தும் பெரிய மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கிளம்புகிற அன்றே, அவர் ஊருக்குப் பக்கத்தில் சிடி வசதியுள்ள மருத்துவமனைக்கு ஒரு பக்கத் தாள் அனுப்புங்கள். என்ன பம்ப், எந்த ஸ்கேன் எடுக்கலாம், எதைக் கழற்றக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். நடுராத்திரியிலும் எடுத்துப் பேசுகிற நம்பராகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராபர்,
தேனி மாவட்டம்