ஸ்டோரேஜில் இடம் மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

பாளையங்கோட்டை சர்வர் அறைக்குப் புது ஸ்டோரேஜ் பெட்டி வாங்க வேண்டாம் என்று சென்ற வாரம் முடிவாகிவிட்டது. ஐப்பசியிலிருந்து 94 சதவீதம் நிரம்பி என்னைத் தூங்கவிடாமல் செய்த 40 டெராபைட் பெட்டி இப்போது 66 சதவீதத்தில் நிற்கிறது. பாராட்டு என் பெயருக்கு வந்தது. உண்மையில் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

முதலில் அண்ணாச்சி. எந்த லன் (பெட்டியிலிருந்து ஒரு சர்வருக்குப் பிரித்துக் கொடுக்கும் சேமிப்புப் பகுதி) எந்த சர்வருக்குக் கொடுத்தது என்று எங்களிடம் இருந்த எக்ஸெல் தாளை 2019-க்கு அப்புறம் யாரும் தொடவில்லை. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆன மனிதர், ஒரு போன் போட்டதும் தன் பழைய டைரியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "இந்த ரெண்டும் பழைய மெயில் சர்வருக்குக் கொடுத்தது தம்பி. சர்வரத்தான் தூக்கினோம், லன்ன அப்படியே விட்டாச்சுலா" என்றார். ரேக்கிலிருந்து சர்வரைக் கழற்றினால் அதற்கு ஒதுக்கிய இடம் தானாகத் திரும்பாது, யாராவது போய் எடுக்க வேண்டும். சர்வர்களையும் ஸ்டோரேஜ் பெட்டியையும் இணைக்கும் ஸ்விட்சில் பார்த்தோம். அந்த சர்வர் எங்குமே லாகின் ஆகியிருக்கவில்லை. டைரியைப் புரட்டப் புரட்ட இப்படி ஐந்து லன், 4 டெராபைட்டுக்கு மேல் கிடைத்தது.

கணக்குப் பிரிவு அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. 90 நாளாக ஒரு எழுத்துகூடப் படிக்கப்படாத, எழுதப்படாத லன் ஒன்றை அழிக்கும் பட்டியலில் சேர்த்திருந்தேன். பட்டியலை எல்லாப் பிரிவுக்கும் அனுப்பியதில் அக்கா மட்டும்தான் வரி வரியாக வாசித்திருக்கிறார். உடனே போன். "தம்பி, அது மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது மட்டும் திறக்கது. கைய வச்சிராதீங்க." எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து எதையும் நேராக அழிப்பதில்லை. முதலில் சர்வரோடு உள்ள இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு 30 நாள் பொறுக்கிறோம். அப்படியும் யாரும் தேடவில்லை என்றால்தான் அழிப்பு. அதற்கு முன்னால் அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம்.

பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஆறு இரவு கண்விழித்தார். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது பயந்துபோய் எடுத்த முழு நகல்கள் 3 டெராபைட், மறந்தபடியே கிடந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். அப்டேட்டுக்கு முன் எடுத்து, வேலை முடிந்தும் நீக்காத ஸ்னாப்ஷாட்களையும் (சர்வரின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் பதிவுகள்) ஒவ்வொன்றாகக் களைந்தார். அப்புறம் அன்மேப். ஃபைலை அழித்தாலும், அந்த இடம் காலி என்று சொல்லும் அன்மேப் கட்டளை போனால்தான் ஸ்டோரேஜ் பெட்டி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் வி.ஸ்பியர் மென்பொருளில், 2016-ல் வந்த 6.5 முதல், அதன் ஃபைல் அமைப்பு வி.எம்.எஃப்.எஸ் 6 ஆக இருந்தால் இது தானாக நடக்கும். எங்களிடம் இருந்ததோ வி.எம்.எஃப்.எஸ் 5. ஒவ்வொரு டேட்டாஸ்டோருக்கும் (அந்த மென்பொருள் ஃபைல்களை வைக்கும் இடம்) கையால் கட்டளை கொடுக்க வேண்டும். பகலில் கொடுத்தால் வேலை நேரத்தில் எல்லாம் மெதுவாகிவிடும் என்று ராத்திரியில் செய்தார். அந்த ஆறு இரவும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த காவலர் அண்ணனுக்கும் நன்றி.

அண்ணாச்சி, டைரி முழுவதையும் தட்டச்சு செய்தாகிவிட்டது. ஒவ்வொரு லன்னுக்கும் இப்போது பெயரும் பொறுப்பாளரும் உண்டு. டைரியை ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
சர்வர் அறைத் தம்பி