நெல்லூர் போய்வந்தோம், பாலு

சூலூர்ப்பேட்டை
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தை இரண்டு வேளையும் தடவிக்கொள்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவுகிறாய். அந்தப் பேச்சும் தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. கடிதமென்றால் நீ குறுக்கே பேசி வைத்துவிட முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அப்பா சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெல்லம் மட்டும் வழக்கமான அளவுக்கே வாங்கிவிட்டேன், அது மீந்து கிடக்கிறது. கரிநாள் கழிந்ததும் நெல்லூர் அத்தை போன் செய்து, "வீட்டில் உட்கார்ந்து முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருக்காமல் இங்கே வாருங்கள்" என்றாள். கிளம்பிவிட்டோம்.

மெமு ரயிலில் போனோம். நாயுடுபேட்டைக்குப் பக்கத்தில் சுவர்ணமுகி எப்போதும் போல மணலாகத்தான் கிடந்தது. கூடூரில் எலுமிச்சை மூட்டைகளின் வாசனை பெட்டிக்குள்ளேயே வந்தது. அங்கே ஏறிய ஒரு பெரியவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார். பேச்சு எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். "பையன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், நாங்கள் சொல்லிப் படித்தவன் இல்லை, தானாகவே முன்னுக்கு வந்தவன்." உன்னைப் பற்றிப் பேசும்போது அப்பாவுக்கு முழங்கால் வலி மறந்துபோகிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்த கதையெல்லாம் நமக்கு வேண்டாம், நம் வீட்டில் விளக்கு இருந்தது. ஆனால் கூரை ஒழுகிய அந்த மழைக்காலத்திலும் புத்தகத்தை மடியில் மூடிவைத்துக்கொண்டு படித்தவன் நீ. அதை யாரும் உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாது. எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை அது.

நெல்லூரில் பெண்ணையாறு இந்த முறை நிறைந்திருந்தது. 2022-ல் திறந்த புதிய தடுப்பணையால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நீ சின்னவனாக இருந்தபோது ஆற்றின் நடுவே நடந்துபோய் மணலில் ஊற்றுத் தோண்டினாயே, அந்த இடத்தை அப்பா தேடினார். ரங்கநாதர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்தை உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது. பெருமாள் சயனத்தில் இருக்கிறார். எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அர்ச்சனை உன் பெயரில்.

கரையில் உட்கார்ந்து அத்தை 2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். மேலே கடப்பைப் பக்கம் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணை உடைந்து, சோமசிலா அணையிலிருந்து தண்ணீர் பாய்ந்துவந்து, படுகுபாடு அருகே ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. நந்தி மலைப் பக்கம் பிறக்கிற ஆறு இந்தப் பெண்ணையாறு. நம் தென்பெண்ணையும் அங்கேதான் பிறக்கிறது. ஒன்று கடலூருக்கு, ஒன்று இங்கே. அந்த நவம்பரில் நீ அத்தைக்கும் எங்களுக்கும் மாற்றி மாற்றிப் போன் செய்துகொண்டே இருந்தாய், நினைவிருக்கிறதா? "மாடிக்குப் போய்விட்டீர்களா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா" என்று. வெள்ளம் எங்களைச் சூழ்ந்தால் நீ விசாரிக்கலாம். உன்னை நாங்கள் விசாரித்தால் மட்டும் கோபம் வருகிறது. இது என்ன நியாயம் பாலு?

வேளைக்குச் சாப்பிடு. இதை மறுபடியும் எழுதுகிறேன் என்று நினைக்காதே.

அத்தை வீட்டுக்கு எதிரே ஒரு ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர் இருக்கிறார். நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் திண்ணையில் நாற்காலி போட்டார். ஆற்றங்கரையில் கவி திக்கனா தெலுங்கில் பாரதம் எழுதியதாகச் சொல்லும் இடத்துக்கு மறுநாள் காலை அவரே அழைத்துப் போனார். 13-ஆம் நூற்றாண்டு. அவருக்கு முந்தைய கவி நன்னய்யா ராஜமகேந்திரத்தில், அதாவது ராஜமுந்திரியில், தொடங்கிப் பாதியில் நின்ற பாரதத்தை, இங்கே நெல்லூரில் மனுமசித்தி அரசனின் அமைச்சராக இருந்த திக்கனா எடுத்தார். வனபருவத்தில் நின்ற மிச்சத்தைத் தொடாமல் விராட பருவத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரை பதினைந்து பருவங்களையும் தாமே பாடி முடித்தார்.

விராட பருவம் என்றால் மழை வேண்டி வாசிப்பது என்றுதான் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்று வேறொன்று தோன்றியது. பாண்டவர்கள் பெயரை மறைத்து வாழ்ந்த வருடம் அது. பீமன் சமையற்கட்டில், அர்ஜுனன் நாட்டியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தருமர் சூதாட்டத் துணையாக. அதனால் அவர்கள் யாரும் குறைந்துபோகவில்லை. ஆனால் குந்தி அப்போது விதுரர் வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் எந்த ஊரில், யார் வீட்டில், என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு வருடம் அவள் எப்படித் தூங்கியிருப்பாள் என்று யார் பாடினார்கள்?

இதைவிட இன்னொரு கதைதான் என்னை விடவில்லை. கவி திக்கனாவுக்குச் சகோதர முறையில் இன்னொரு திக்கனா இருந்தார். கட்க திக்கனா என்பார்கள், வாள் பிடித்தவர், மனுமசித்தியின் சேனாதிபதி. பஞ்சத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு வந்த காட்டமராஜுவின் ஆயர்களோடு மேய்ச்சல் வரித் தகராறு முற்றிப் போராகிவிட்டது. படை அழிந்தது. இன்னும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் நெல்லூருக்குத் திரும்பி வருகிறார். வீட்டில் மனைவி குளிக்க வெந்நீர் வைத்திருக்கிறாள். எங்கே தெரியுமா? கட்டிலை நிறுத்தி மறைப்புக் கட்டி, பக்கத்தில் மஞ்சள் உருண்டை வைத்து, பெண்கள் குளிக்கும் விதத்தில். முதுகு காட்டி வந்தவருக்கு இனி இதுதான் என்று. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் பெற்ற தாய் திரிந்த பாலை ஊற்றுகிறாள். அவர் எழுந்து திரும்பிப் போய்ப் போர்க்களத்தில் செத்துப்போனார். இந்தக் கதையை அந்த ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆசிரியரும் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அத்தை மாங்காய் போட்டு வைத்த மீன் குழம்பு, முந்தின நாள் வைத்தது, நீ இருந்தால் தட்டை வழித்திருப்பாய். அப்படியே பிசைந்துகொண்டிருந்தேன்.

நம் புறநானூற்றிலும் அப்படி ஒரு தாய் உண்டே. மகன் புறமுதுகிட்டான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உண்மையானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போனவள். வெட்டுண்டு கிடந்த உடம்பைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்தாள் என்று பாட்டு. ஆரம்பாக்கம் பள்ளியில் வருடா வருடம் நடத்திய பாட்டு அது. பாட்டின் வலிமையில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாயோடு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். களத்திலிருந்து பிள்ளை உயிரோடு திரும்பி வந்தான் என்றால் கதவைத் திறந்துவைத்து, தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, சூடாகச் சோறு போட்டு, தூங்கவிட வேண்டும். ஏன் வந்தாய், எப்படித் தோற்றாய் என்று கேட்கவே கூடாது. அவன் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டாலும் சோறு சோறுதான்.

இன்னொன்றையும் அந்த ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மனுமசித்தி அரசனே ஒரு காலத்தில் அரியணையை இழந்தவன்தான். தாயாதிகள் பறித்துக்கொண்டார்கள். அப்போது கவி திக்கனா ஓரங்கல், அதாவது வாரங்கல் வரை போய்க் காகதீய கணபதி தேவரிடம் உதவி கேட்டு, படை வந்து, நெல்லூர் திரும்பக் கிடைத்தது. அரசன் தோற்றபோது யாரும் அவன் முன் மஞ்சளைக் கொண்டுவந்து வைக்கவில்லை. கவி தூது போனார், கேட்டார், கிடைத்தது. கேட்பதில் என்ன வெட்கம்? இதை நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. கதையைச் சொல்கிறேன்.

திரும்பும்போது அத்தை மகன் காரில் கொண்டுவந்து விட்டான். நெடுக வயல்கள் பச்சையாக இருந்தன. கடல் பக்கம் போனால்தான் வயலெல்லாம் இறால் குட்டையாகிவிட்டது என்றான். அவன் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே என்னைக் கண்ணாடியில் பார்த்தான். அவனிடம் நீ ஏதாவது சொல்லியிருக்கிறாயா என்று நானும் கேட்கவில்லை.

வழியில் நேலபட்டு ஏரியில் நிறுத்தினோம். நீ ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போய்வந்து வீடெல்லாம் படம் வரைந்து ஒட்டிய அதே ஏரி. 1976-லிருந்து சரணாலயம். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தேன். ஒரு குஞ்சு, குஞ்சென்று சொல்லக்கூடாது, தாய் அளவுக்கே வளர்ந்துவிட்டது. தாய் பழவேற்காட்டு ஏரியிலிருந்து மீனோடு வந்து இறங்கியதும், அது தாயின் அலகுப் பைக்குள் தலையைக் கழுத்து வரைக்கும் நுழைத்துவிட்டது. இரண்டும் தள்ளாடின. கிளை ஆடியது. தாய் இறக்கையை விரித்துச் சமாளித்துக்கொண்டு அப்படியே நின்றது. பிறகு குஞ்சு தலையை வெளியே எடுத்து ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். அப்பா "போதும் வா, வெயில்" என்று கூப்பிட்டார். எனக்கு இறங்க மனமில்லை.

இனி வீட்டு விஷயங்கள். கூரை வேலை முடிந்துவிட்டது. நீ மாதா மாதம் அனுப்பும் பணத்தை நிறுத்திவிடு. என் ஓய்வூதியமே மீதமாகிறது. நீ அனுப்பியது தொடாமல் வங்கியில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அது உன்னுடையதுதான். போன மாதம் அது வேறு ஒருவர் கணக்கிலிருந்து வந்திருந்தது என்று அப்பா பாஸ்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். நண்பராக இருக்கும் என்றேன். உன் பெயருக்கு வங்கியிலிருந்து இரண்டு உறைகள் வந்தன. பிரிக்கவில்லை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நீ போன் செய்கிறாய். முன்பெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான் உனக்கு நேரம் கிடைக்கும். பகலில் உன் குரல் கேட்பது எனக்குச் சந்தோஷம்தான். அதையும் நான் ஏன் என்று கேட்கவில்லை, கவனித்தாயா?

மாடியில் குடியிருந்தவர்கள் மார்கழியில் காலி செய்துவிட்டார்கள். வெள்ளையடித்து, மின்விசிறி மாற்றி வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். மேஜை போட ஜன்னலோரம் இடம் இருக்கிறது. இன்டர்நெட் இணைப்புக்காரனை அப்பா வரச்சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரயிலில் அவர் அந்தப் பெரியவரிடம் பேசியதை வைத்து அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதே.

தெருவில் யார் என்ன கேட்பார்களோ என்ற எண்ணம் உனக்கு வேண்டாம். கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். இத்தனை வருடம் வகுப்பில் நாற்பது பேரை அடக்கியவள், இந்தத் தெருவை அடக்க மாட்டேனா? நம் செங்காளம்மன் கோயிலில் இரவென்றும் பகலென்றும் கதவடைப்பதில்லை. எந்த நேரத்தில் வந்தவரையும் அவள் காலையில் வா என்று அனுப்பியதில்லை. இன்று வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து நேரே வர அலைய வேண்டாம். சென்னை சென்ட்ரலில் இறங்கினால் சூலூர்ப்பேட்டை லோக்கல் இருக்கிறது. சாமான் அதிகமாக இருந்தால் முன்னாலேயே சொல்லு, அத்தை மகன் காரோடு வருவான், நான் பேசிவைத்திருக்கிறேன். எல்லா சாமானும் என்றாலும் சரி. பாத்திரங்களை மட்டும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு, இங்கே நிறைய இருக்கின்றன. குளிர்காலத்தில் தலைக்கு ஊற்றினால் காதில் பஞ்சு வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அத்தைக்கு ஒரு போன் செய்து பேசு. உனக்கென்று மலாய் காஜா ஒரு கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறாள். கூரியரில் அனுப்பினால் உடைந்துவிடும், நான் அனுப்பப்போவதில்லை.