கத்தரியை எடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய மல்லிகைத் தொட்டிப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறடிக்குக் கொடி ஓடியிருக்கிறது, நுனி இலையெல்லாம் வெளிறியிருக்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. பூ வராததற்கு மருந்து கேட்டிருக்கிறாய். மருந்து எதுவும் வேண்டாம், கத்தரிதான் வேண்டும்.

குண்டுமல்லி பழைய கிளையில் பூக்காது. புதிதாக வெடித்து வரும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நீ பாவம் பார்த்து வெட்டாமல் விட்ட கொடியெல்லாம் இனி இலையைத்தான் சுமக்கும். நம் பக்கத்து வயல்களில் நவம்பர் கடைசி வாரத்தில் செடியை ஒன்றரை அடிக்கு மொட்டையாக வெட்டுவதை நீயே பார்த்திருக்கிறாய். மார்ச் முதல் ஜூன் வரை நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு வரும் பூவெல்லாம் அந்த வெட்டுக்குப் பிறகு வந்த தளிரில் பூத்ததுதான். பெங்களூரில் டிசம்பர் குளிரில் தளிர் மந்தமாகத்தான் வரும். அதனால் அங்கே ஜனவரி கடைசியில் வெட்டு. வெயில் ஏறும்போது தளிரும் கூடவே ஏறும்.

வெட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடு. கத்தரியை டெட்டால் தொட்ட துணியால் துடைத்துக்கொள். மண்ணிலிருந்து ஒன்றேகால் அடி உயரம் விட்டு, கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டு. காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற கிளை எதையும் விடாதே, அடியோடு எடுத்துவிடு. மிச்சம் நிற்கும் இலைகளையும் கையால் உருவிவிடு. இலையின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியும் முட்டையும் அதோடு போய்விடும். எல்லாவற்றையும் வாரி, கட்டிக் குப்பையில் போடு. பக்கத்துத் தொட்டியில் மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டுவிடாதே.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் செடியைக் கொன்றுவிடுகிறார்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. பழைய கணக்கிலேயே தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண்ணில் விரலை விட்டுப் பார், விரலின் முதல் கணு வரை ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்று. பத்துப் பதினைந்து நாளில் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரியும். குளிர் நீண்டால் இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். சந்தேகமாக இருந்தால் குச்சியை நகத்தால் லேசாகக் கீறு. உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது.

தளிர் வந்த பிறகும் சில கிளைகள் மொட்டு வைக்காமல் நீளமாக ஓடும். அதன் நுனியைக் கிள்ளிவிடு, பக்கத்தில் இரண்டு வெடிக்கும். எல்லாமே அப்படி ஓடினால் வெயில் போதவில்லை என்று அர்த்தம். நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று நீ சொல்வது மணி பிளாண்டுக்குப் போதும், மல்லிக்குப் போதாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தொட்டியைப் பால்கனி ஓரக் கம்பிப் பக்கம் நகர்த்தச் சொல்.

இனி இலைக்கு வருகிறேன். நீ உரக்குறை என்று நினைத்துப் பிண்ணாக்கை அள்ளிப் போட்டிருக்கிறாய். போட்டோவைத் திரும்பப் பார். கீழ் இலை பச்சையாக இருக்கிறது, நுனி இலைதான் மஞ்சள். அந்த மஞ்சளிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறது. தழைச்சத்துக் குறை என்றால் கிழட்டு இலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச்சத்து கிடைக்காத நோய். மண்ணில் இரும்பு இருக்கலாம், ஆனால் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு ஏற ஏற மண் காரமாகி, வேரால் அதை எடுக்க முடியாமல் போகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதே, அதுதான் சாட்சி.

வாட்டர் பியூரிஃபையரின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் வடிகட்டியில் ஒதுங்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள். செடிக்குக் காவேரித் தண்ணீர் வரும்போது வாளியில் பிடித்து வை, மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது. மாதம் ஒருமுறை தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் தாராளமாக வெளியேறும்வரை நிதானமாக ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவி விடு. அடித்தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடு, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராதபடி பார்த்துக்கொள்.

மஞ்சள் மாற ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டைக் கரைத்து, நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளி. சாறு விடாவிட்டால் கரைசல் சீக்கிரம் துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும், அப்புறம் பலன் இல்லை. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். பழைய மஞ்சள் இலை பச்சையாகும் என்று காத்திருக்காதே, புதிதாக வருகிற தளிரைத்தான் பார்க்க வேண்டும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள், டைல்ஸில் துருக்கறை பிடித்தால் போகாது. இன்னொன்று, அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் போடச் சொல்வார்கள். உன் தொட்டிக்கு அவை ஆகாது, இரண்டும் காரத்தைக் கூட்டுபவை.

தொட்டி பதினான்கு அங்குலம், சுமார் 25 லிட்டர் மண் பிடிப்பது, மல்லிக்கு அது சரியான அளவு. மண்ணை மட்டும் வெட்டுகிற சமயத்தில் மாற்றிவிடு. செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய சாண உரம் ஒரு பங்கு, கூடவே 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. எம்-சாண்ட் என்றால் நன்றாகக் கழுவிப் போடு, தூள் இருந்தால் மண் சிமெண்ட் மாதிரி இறுகும். செடியைப் பெயர்க்கும்போது வேர்ப்பந்தைக் கவனி. நர்சரிக்காரன் நட்ட களிமண் உருண்டை உள்ளே அப்படியே கெட்டியாக இருந்தால், நீ ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றி ஓடிவிடும், வேருக்குப் போகாது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கரை. வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அப்போது பழைய மண்ணைத் திரும்ப எடுக்காதே, புதுத் தொட்டி ஓரத்தில் இரண்டு செண்டுமல்லி நாற்று வை.

தளிர் நான்கு இலை விட்ட பிறகு உரம் தொடங்கு. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவை, பிறகு பத்து லிட்டராக்கி, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊற்று. நாற்றமடிக்கும், பால்கனிக் கதவைச் சாத்திக்கொள். இதற்கு மேல் கொடுத்தால் இலைதான் தடிக்கும்.

மொட்டு மூன்று மூன்றாகக் கொத்து விடும், நடுவில் இருப்பதுதான் முதலில் பெருக்கும். அந்தச் சமயத்தில் தினமும் கிட்டப்போய்ப் பார். மொட்டில் ஓட்டை விழுந்து, நூலால் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் மொட்டுப்புழு. பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடு, 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டரில் கலந்து வாரம் ஒருமுறை தெளி. மொட்டின் அடி வீங்கி ஊதாவாக மாறி உதிர்ந்தால் அது வேறு, அது மொட்டு ஈ. ஒன்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாகப் புழு நெளியும். அவை கீழே விழுந்து மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும், அதனால் மேலே தெளிப்பது மட்டும் போதாது. உதிர்ந்த மொட்டைத் தினமும் பொறுக்கு, மேல்மண்ணைக் கிளறி ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடு.

ஏப்ரல் வெயிலில் இலை சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, அடியில் மெல்லிய வலை கட்டினால் செஞ்சிலந்தி. குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம், உச்சி வெயிலில் வேண்டாம். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் தெளிக்காதே, இலை கருகும்.

ஒரு கொத்து பூத்து முடிந்ததும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு வெட்டிவிடு. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் அடுத்த சுற்று வரும். தொடுப்பதற்கு என்றால் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், முற்றிய மொட்டாகப் பறி. சாயங்காலம் அதுவாக மலரும்.

மதுரை மண் ஒரு மூட்டை அனுப்பச் சொன்னாய். வேண்டாம் பாப்பா. 2013இல் மதுரை மல்லிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு இங்கே வயலில் விளையும் பூவுக்கு, உன் பால்கனிப் பூவுக்கு அந்தப் பெயர் வராது. ஆனால் செடி அதே செடிதான். இங்கேயும் நாற்று ராமநாதபுரம் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது.

எதிர்வீட்டு அம்மா குச்சி கேட்டதாகச் சொன்னாயே, வெட்டியதில் பென்சில் கனமுள்ளதை அவருக்கு எடுத்து வை. அவர்கள் ஊரில் மைசூர் மல்லிகை உண்டு, பதிலுக்கு அதில் ஒரு பதியன் கேட்டுப்பார், வெட்கப்படாதே. குச்சி ஆறு அங்குலம், மூன்று கணு. அடிக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, வேர்விடத் தூண்டும் வேர்ப்பொடியில் தொட்டு, இரண்டு கணு புதையும்படி ஈரமணலில் குத்தி நிழலில் வை. பத்து வைத்தால் பாதி பிழைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளச் சொல். குளிர்மாதத்தில் வேர்விட ஒன்றரை மாதமும் தாண்டும். தளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம், குச்சியில் இருக்கும் சத்திலேயே இரண்டு இலை வந்துவிடும், வேர் அதற்குப் பிறகுதான். நான்கு ஜோடி இலை ஆனதும் தொட்டிக்கு மாற்றலாம்.

அன்புடன்,
அப்பா