பராமரிப்பு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்: பரிசு விதியைப் பண்டிகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். மறதி நோயோடு படுக்கையில் இருக்கும் ஒரு தாயின் மகள் எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சாவிகளில் ஒன்று, உங்களைப் போன்ற ஒரு நிறுவனம் அனுப்பிய அக்காவிடம்தான் இருக்கிறது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, மருந்து கொடுப்பது, 'நான் எப்ப வீட்டுக்குப் போவேன்' என்று அம்மா நாற்பதாவது முறை கேட்கும்போதும் முதல் முறை கேட்டதுபோலவே பதில் சொல்வது எல்லாம் அவர்தான். கடைசியாகச் சொன்னது எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

போன பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை, அவர் கிளம்பும்போது ஒரு உறையில் கொஞ்சம் பணம் வைத்துப் பையில் செருகினேன். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்தார். "இத எடுத்துக்கோங்கம்மா. யாராச்சும் போட்டுக் குடுத்தா வேலை போயிடும்." மரியாதைக்கு மறுக்கிறார் என்று நினைத்து மறுபடியும் திணித்தேன். மூன்றாம் முறை அவர் கை நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் நன்றி சொல்லவில்லை, அவரைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேன் என்று.

அன்றிரவு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரே வரி: ஊழியருக்குப் பணமோ விலைமதிப்புள்ள பொருளோ தரக்கூடாது. எது விலைமதிப்புள்ள பொருள்? குடை? செருப்பு? அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒருவர் "சின்னதா குடுங்க மேடம், பரவாயில்ல" என்றார். மறுநாள் இன்னொருவர் "எதுவுமே கூடாது" என்றார். சிக்கினால் கேள்வி கேட்கப்படப் போவது நானுமில்லை, போனில் பேசிய இருவருமில்லை. அக்காதான்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போன வருடம் ஒரு பகல் வேளையில் அம்மா தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி, "நீ வச்சுக்கோ பாப்பா" என்று அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடியிருக்கிறார். அக்கா அப்போதே எனக்குப் போன் செய்தார். நான் வரும்வரை தோட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு அம்மாவின் கண்ணெதிரிலேயே வைத்திருந்தார். தினசரிக் குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதியும் வைத்தார். எல்லா வீட்டிலும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. தான் கொடுப்பது என்னவென்றே தெரியாத ஒருவர் கொடுப்பதை நாம் பரிசு என்று சொல்லிவிட முடியுமா? விதி அம்மாவைக் காக்கிறது. பிறகு யாரும் பழி சொல்லாதபடி அக்காவையும் காக்கிறது. அதனால் விதி இருக்கட்டும், மங்கலாக இருப்பதுதான் கூடாது. நோயாளி நேரடியாகத் தருவது வேறு, குடும்பத்தார் யோசித்துத் தருவது வேறு. இரண்டையும் ஒரே வரியில் அடைத்துவிட்டீர்கள்.

சரி, என்ன தரலாம்? இதில் எங்களுக்கும் பாடம் வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்: ஒருமுறை வாசனைச் சோப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பல மாதம் கழித்துத்தான், அவர் கை விரல் இடுக்கெல்லாம் வெடித்திருப்பதைக் கவனித்தேன். உலக சுகாதார நிறுவனம் நோயாளியைத் தொடுபவர்கள் கை கழுவ வேண்டிய தருணங்கள் ஐந்து என்று வகுத்திருக்கிறது: தொடுவதற்கு முன், சுத்தம் தேவைப்படும் வேலைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். சோப்புப் போட்டால் ஒவ்வொரு முறையும் 40 முதல் 60 விநாடி. ஒரு ஷிப்டில் எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கைக்கு நான் இன்னும் கொஞ்சம் சோப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்! வாசனையே இல்லாத நல்ல கைக்களிம்பு ஒரு டியூப் அதைவிட மலிவு. வாசனை ஏன் கூடாதென்றால், முகத்துக்கு அருகில் குனிந்து வேலை செய்பவரின் கை மணம் சில நோயாளிகளுக்குக் குமட்டும்.

இப்படி வேலையைப் பார்த்துத் தேர்ந்தால் காசு அதிகம் ஆகாது. மழையில் பஸ் மாறி வருகிறவருக்கு உறுதியான குடை. நாள் முழுக்க நிற்பவருக்கு நல்ல காலுறை. சூடு தாங்கும் குடுவை. ஆனால் நாம் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய துணியைப் பண்டிகைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது பரிசல்ல, அலமாரியைக் காலி செய்வது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாற்றாக வருகிறவரையும் மறந்துவிடக் கூடாது. நான் இரண்டு வருடம் மறந்திருக்கிறேன்.

காசே ஆகாத ஒன்றும் உண்டு: கடிதம். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று அச்சடித்த அட்டையைச் சொல்லவில்லை. 'ஓராண்டாக அம்மாவுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை, இரண்டு மணிக்கொருமுறை நீங்கள் புரட்டிப் படுக்க வைத்ததால்' என்று நடந்ததை எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். அதன் ஒரு படியை நாங்கள் உங்களுக்கும் அனுப்பினால், தயவுசெய்து அவருடைய பணிக்கோப்பில் சேருங்கள். குடும்பங்களிடமிருந்து புகார் வந்தால் பதிகிறீர்கள் அல்லவா, இதையும் பதியலாமே. அடுத்த வீட்டுக்கு அவரை அனுப்பும்போதும், சம்பள உயர்வைப் பேசும்போதும் அது எடுபட வேண்டும்.

இனி, உங்களால் மட்டுமே தரக்கூடிய பரிசு. பண்டிகை நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். பெரிய மனசு செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. "முன்னாடி போனா ரெண்டு மணி நேரச் சம்பளம் போயிடும்மா, ஆப்ல தெரிஞ்சிடும்" என்றார். வந்த நேரமும் போன நேரமும் செயலியில் பதிகிறது, அதை வைத்துத்தான் சம்பளம். அவர் இங்கே இருப்பதாகக் காட்டிவிட்டுக் கிளம்பினால் அது பொய்க் கணக்கு. ஆக, என் பரிசு அவருக்கு நஷ்டம் அல்லது குற்றம். அந்த இரண்டு மணிக்கான கட்டணத்தை முழுதாகக் கட்ட நான் தயார். அதை 'குடும்பம் தந்த நேரம்' என்று பதிந்து அவருக்கு முழுச் சம்பளம் தர, உங்கள் செயலியில் ஒரு வழி செய்து கொடுங்கள்.

பரிசைச் சம்பளத்தின் இடத்தில் வைத்துவிடவும் கூடாது, இது குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான். வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட 189ஆம் எண் உடன்படிக்கை, ஊதியம் மாதம் ஒருமுறையாவது பணமாகக் கைக்கு வரவேண்டும் என்கிறது. பொருளாகத் தருவது அதில் ஒரு சிறு பங்குக்கு மேல் போகக்கூடாது, வாரம் 24 மணி நேரமாவது தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. 2013 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஆனாலும் உலகில் வீட்டுப் பணியாளர்கள் சுமார் 7.56 கோடிப் பேர், அவர்களில் 10க்கு 8 பேர் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2021இல் கணக்குச் சொன்னது. தன் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் நிற்கிறவருக்கு அன்றைய ஷிப்டுக்குக் கூடுதல் சம்பளம் போடுங்கள். என் குடை அதற்கு ஈடாகாது.

நான் கேட்பது ஒரு பக்கக் கடிதம்தான். குடும்பத்துக்கும் ஊழியருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் வரட்டும். எவ்வளவு மதிப்புவரை தரலாம், பணம் கூடுமா, யாரிடம் சொல்லிவிட்டுத் தரவேண்டும், சொல்லிவிட்டுத் தந்தால் ஊழியர்மேல் நடவடிக்கை வராது என்ற உறுதி, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். தேதி வேண்டுமென்றால், ஐ.நா. பொதுச்சபை அக்டோபர் 29ஐப் பராமரிப்புக்கான சர்வதேச நாளாக 2023இல் அறிவித்திருக்கிறது. அன்றைக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள் கூடவே இதையும் அனுப்பலாம்.

இந்த வருடத்துக்கானதை வாங்கிவிட்டேன். வாசனையில்லாத களிம்பு ஒரு டியூப், காலுறை இரண்டு ஜோடி, நான் எழுதிய கடிதம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கும் ஒரு குடை. எல்லாம் அம்மாவின் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. கொடுக்கலாமா?

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு மகள்