மலாக்காச் சுவரும் நம்ம கோயிலும்

பகாவ்

அன்புள்ள மணியம்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். முனியம்மா அக்காவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, வாய்தான் இன்னும் வரவில்லை. போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு நேரம் ஏது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மலாக்காவுக்குக் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் இடம் இருந்தது, நானும் தொற்றிக்கொண்டேன். ஆ ஃபமோசா கோட்டைவாசலுக்குச் சின்ன வயதில் நாமும் போனோம். ஐஸ் கச்சாங் தவிர எதையாவது பார்த்தோமா?

இந்தத் தடவை சுவரைத் தொட்டுத் தடவிப் பார்த்தேன். செம்புரைக்கல்லடா! நம்ம தோட்டத்து ரோட்டில் லோரி லோரியாகக் கொட்டுவார்களே, நீ சைக்கிளோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாயே, அதே துளை துளையான சிவப்புக் கல். மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்டுவதற்குப் பதமாக இருக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் இறுகிவிடும். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே ஊரைப் பிடித்த கையோடு அவசர அவசரமாக எழுப்பிய கோட்டை. கல்லுக்கு எங்கே போனான் தெரியுமா? பள்ளிவாசலை இடித்தான், சுல்தான்களின் கல்லறைகளைப் பெயர்த்தான். வேலை செய்தவர்கள் அடிமைகளும் போரில் பிடிபட்டவர்களும். வழக்கம்போல வாசலில் அவர்கள் பெயர் கிடையாது. 1641இல் பிடித்த டச்சுக்காரன்தான் 1670 என்று தன் கணக்கைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான்.

1807இல் இங்கிலீஷ்காரன் இடிக்கத் தொடங்கினான். வெடிமருந்து வைக்க வேண்டியிருந்தது. யானை பருமன் கற்கள் பறந்து கடலில் விழுந்ததாக மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதியிருக்கிறார். அப்போது அவர் சிறுவன். அவர் தமிழும் படித்தவர். அந்தக் கால மலாக்காவில் கணக்கு வழக்குக்கு அது வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் டீச்சர் முகத்தைப் பார்க்கணுமே!

என்னை உறுத்துவது வேறு. 2006இல் சுற்றும் கோபுரம் கட்டத் தோண்டியபோது பழைய கொத்தளத்தின் அடித்தளம் கிடைத்தது. கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, கொத்தளத்தைச் செம்புரைக்கல்லாலேயே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே தோட்டத்தை வீடு கட்ட விற்றாயிற்று. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. மாரியம்மன் கோயிலை நகர்த்தச் சொல்கிறார்கள். காட்டிய இடம் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில். சுடுகாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் அப்பாவும் அங்கேதானே படுத்திருக்கிறார், மணியம்.

நீ தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன். பழைய தாள்களை உங்கள் வீட்டில் வீசியிருக்க மாட்டார்கள். கோயில் நிலத்தைப் பற்றி நிர்வாகம் எழுதிக் கொடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று அந்தத் தகரப் பெட்டியைக் கிளறிப் பார். அசல் வேண்டாம், நகல் போதும். ஞாயிற்றுக்கிழமை ராமு ஒட்டுக்கடையில் கூட்டம். நேரில் வந்தால் இன்னும் நல்லது. அப்புறம், உன் பழைய பாக்கியை ராமு மறக்கவில்லை, சில்லறையோடு வா.

இப்படிக்கு,
சின்னையா